மீன் தொட்டி வச்ச ஆபீஸ்

இல்ல தம்பி, கவுண்ட்டர் கிட்டப் போய் நிக்காத. எட்டி எட்டிப் பாத்தா மட்டும் கிளார்க்கு வந்துருவாரா? வா, இப்படி ஃபேனுக்கு அடியில உக்காரு. வீட்டுக்குத் தண்ணி இணைப்பு கேட்டுத்தான வந்த? இந்த ஆபீஸுக்கு வேற எதுக்கு வரப்போறாங்க. வீட்ல கைக்குழந்தை வேறயா? அடப்பாவமே.

இந்த ஃபேன் கதை தெரியுமா உனக்கு? முன்னாடியெல்லாம் கவுண்ட்டர்ல ஈ மொய்க்கிற மாதிரி கூட்டம். உள்ள இருக்கறவங்களுக்கு மூச்சு முட்டுதுன்னு ஒரே புலம்பல். இன்னொரு கவுண்ட்டர் திறந்தா என்னன்னுதான நினைக்கிற? நமக்கு மூளை அவ்வளவுதான். புதுசா ஒரு பெரிய அதிகாரி வந்தாரு, நாங்க ஐடியா ஐயான்னு சொல்லுவோம். கவுண்ட்டர் பக்கத்துல இருந்த ஃபேனைக் கழட்டி இங்க பின்னாடி மாட்டச் சொன்னாரு. கூட்டம் தானா நகந்து வந்துருச்சு. அங்க இப்ப ஈ காக்கா இல்ல பாரு.

கடிகாரத்தையா தேடுற? அத எடுத்தாச்சுப்பா. அதப் பாத்துப் பாத்துத்தான் ஜனங்களுக்குக் கோவம் வருதுன்னு கண்டுபிடிச்சாரு. அந்த இடத்துலதான் இந்த மீன் தொட்டி. அந்த ஆரஞ்சு மீனு என்ன குஷியா நீந்துது பாரேன். மனு போடாமயே தண்ணி கெடச்ச ஒரே ஆளு அதுதான்.

சிரிச்சிட்ட பாத்தியா. வரும்போது மூஞ்சில எள்ளும் கொள்ளும் வெடிச்சுது.

நானா? நானும் தண்ணிக்குத்தான் வந்தேன். தையல்காரி நான், மிஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசிக் குரல் பெருத்துப்போச்சு. தினமும் வந்து கத்துவேன். நான் ஆரம்பிச்சா மொத்த ஹாலும் சேந்து கத்தும். போலீஸைக் கூப்பிடலாம்னாங்க சில பேரு. ஐடியா ஐயா அப்படிப்பட்ட ஆளா? உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு டீ குடுத்தாரு. ஏம்மா, நீங்க பேசுனா எல்லாரும் கேக்கறாங்க, இத வீணடிக்கலாமான்னு கேட்டாரு. எனக்கு ஒரு மாதிரி பெருமையாத்தான் இருந்துச்சு.

என்ன, ஷட்டர் சத்தமா? ஆமா, கவுண்ட்டர மூடிட்டாங்க. இல்ல தம்பி, கிளார்க்கு வந்தாரு. வந்து உக்காந்து, கவுண்ட்டர்ல யாரும் நிக்கலன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. நீ மீனப் பாத்துட்டு இருந்த. நான் பாத்தேன். கோவிச்சுக்காதப்பா, உன்ன மாதிரி ஆளுங்க கிட்டப் பேசிட்டு இருக்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க.

என் இணைப்பா? இன்னும் வரல. நானும் இப்பல்லாம் ஞாபகப்படுத்தறதில்ல. அது வந்துட்டா நான் தினமும் இங்க எதுக்கு வர்றேன், சொல்லு.

சரி, பெஞ்சுக்கு அடியில என் குடம் இருக்கு, அத எடு. மீன் தொட்டிக்குத் தண்ணி மாத்துற குழாய் பின்பக்கம் இருக்கு, பூட்டறதுக்குள்ள பிடிச்சுக்கலாம். உன் பையில பாட்டில் இருக்கா? இத்துனூண்டா? இது குழந்தைக்கே பத்தாதே. நாளைக்கு வரும்போது பெருசா ஒண்ணு கொண்டு வா.