உலகநாதன் இன்னும் கிளம்பவில்லை

அலோ… ஆ, சொல்லும்மா. … கேக்குது, கேக்குது. கத்தாத, பக்கத்துல கீறவங்க திரும்பிப் பாப்பாங்கோ. … உள்ள வன்ட்டியா? … பாஸ்போர்ட்ட பாத்துட்டு உட்டாங்களா. சரி. திவ்யா? … வெளியவே உட்டுட்டுப் போய்ட்டாளா. … ஆமா, ஆமா, கைக்கொழந்தய வெச்சுகினு அவ எவ்ளோ நேரம் நிப்பா. இன்னா பிரச்சன, அத சொல்லு.

… ஓ, வரி திருப்பித் தர்ற மெஷினா. அங்க வாங்குன சாமானுக்குப் போட்ட வரிய, ஊருக்குக் கெளம்புறப்போ திருப்பித் தருவாங்கோ. உன் பாஸ்போர்ட்ட அதுல வெச்சா போதும், வாங்குனத அதுவே காட்டும். … வெச்சியா. … ஒண்ணும் இல்லன்னு வருதா? போட்டோ கீற பக்கத்த கீழ பாத்த மாதிரி வையி. … ம். … ம். … மறுபடியும் இல்லியா.

தினேஷ் டிவி சத்தத்தைக் குறைத்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பால்கனிக்கு அந்தப் பக்கம் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். முதல் தடவையாக விமானம் ஏறிச் சிங்கப்பூரில் தங்கச்சி திவ்யா வீட்டுக்குப் போன அம்மா, இருபது நாள் கழித்துத் திரும்புகிறாள். ஏறுவதற்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

பில்லு கீதா கையில? யாரு பேரு போட்டுகீது பாரு. கன்னியம்மாள்னு இருக்கணும். …

யாரு பேரு?

… நைனா பேரு எப்டிமா வரும்.

… நைனா பாஸ்போர்ட்டா. அத ஏன் எடுத்துகினு போன? … ஆமா, ரெண்டு பேரும் ஒண்ணா போயி எடுத்தீங்கோ. ஒண்ணாதான் டிக்கெட்டும் போட்டேன். அவரோடத நான்தான கேன்சல் பண்ணேன், எனக்குத் தெரியாதா. … கடைல கேட்டப்போ ரெண்டையும் நீட்டுனியா. மேல கீறத எடுத்து அந்தப் பொண்ணு பதிஞ்சிட்டா. … அவள ஏம்மா திட்ற. ஊட்டுக்காரரு இங்கதான் எங்கியாவது நிக்கிறாருன்னு நெனச்சிருப்பா. … போன் நம்பரும் அவருதா? … கேஸு, ரேஷனு, பேங்க்கு எல்லாத்துக்கும் அவரு நம்பருதான், சரி. சிங்கப்பூரு போயுமா.

அப்டி இன்னா வாங்குன? … வாட்சா. ஜென்ஸ் வாட்சா? எனக்கா? … மாப்ளைக்கா?

… ம்.

… நைனா கேட்டாருன்னா, எப்போ கேட்டாரு? … ஓ. டிக்கெட்டு போட்ட அன்னிக்கு. ரிட்டயர் ஆவுறப்போ கம்பெனில குடுத்தது நின்னு போச்சுன்னு. … ஞாபகம் கீதும்மா. … இப்போ எங்க கீது அந்தப் புது வாட்சு? … கட்டிகினு கீறியா. லூசா இருக்குமே, மேல தள்ளி உட்டுக்கோ, வுழுந்துடப் போவுது.

யம்மா, கேளு. திரும்பி வர்ற வரி முப்பத்தஞ்சு டாலருதான். நம்ம காசுக்கு ரெண்டாயிரத்து சொச்சம். போனா போவுது, நீ கேட்டுக்குப் போ. … காசுக்காவ இல்லியா. பின்ன?

… அவரு பாஸ்போர்ட்ட யாரு மெஷின்ல வெக்க சொன்னது? … வெச்ச ஒடனே வாட்ச் காட்டிச்சா. பேரோட. … இன்னா கேக்குது, நல்லா படி. … 'இன்னிக்கு இந்த நாட்ட உட்டுக் கெளம்புறீங்களா'ன்னா.

… அது எல்லாரையும் கேக்குற கேள்விம்மா. … அதுக்கு இன்னா தெரியும். … ஆமான்னு அமுக்காத, பொய் சொன்னதா ஆயிடும். … இல்லன்னும் அமுக்க மாட்டியா. ஏன்?

அம்மா நிறுத்தாமல் பேசினாள். தினேஷ் எழுந்து நின்றான்.

… யம்மா. அவரு அங்க இல்ல. … அவரு சிங்கப்பூருக்கே வரல. … பேரு இருந்தா ஆளு கீறாருன்னு அர்த்தமா? … இல்லன்னு அமுக்குனா அவரு அங்கயே நின்னுடுவாருன்னா? … அவர தனியா உட்டுட்டு ஏற மாட்டேன்னா இன்னா பேச்சு இது. … சரி, அழாத. … யாரு பக்கத்துல? … தமிழ்ப் பொண்ணா, யூனிஃபார்ம் போட்டுகீதா? குடு. குடும்மா அவங்ககிட்ட.

வணக்கம் மேடம். நான் அவங்க பையன், சென்னைலேர்ந்து பேசறேன். … ஆமாங்க, அது எங்க அப்பா பாஸ்போர்ட். … வாங்கினவரே நேர்ல வரணுமா. … இல்லங்க, அவர் ட்ராவல் பண்ணல. … அடுத்த ஃப்ளைட்லயும் வர மாட்டாருங்க. … ரெண்டு மாசம் வரைக்கும் டைம் இருக்கா. இல்ல, அது வந்து… மேடம், அம்மாவுக்குக் கேக்குதா இது? … கொஞ்சம் தள்ளி வர்றீங்களா.

அவர் இறந்துட்டாருங்க. பிப்ரவரில.

ஆறு மாதத்தில் இந்த வார்த்தையை அவன் வாயால் சொன்னதில்லை. பேங்க்கிலும் கம்பெனியிலும் சான்றிதழை நீட்டினால் போதுமாக இருந்தது. வீட்டில் அதுவும் வேண்டியிருக்கவில்லை.

… பரவால்லங்க. … அந்த பாஸ்போர்ட்ட மட்டும் வாங்கிடாதீங்க மேடம். இங்க வந்ததும் நானே போய் ஒப்படைச்சிடறேன். இப்ப அவங்க கையிலேர்ந்து எடுக்காதீங்க. … தேங்க்ஸுங்க. கேட் வரைக்கும் கூடப் போக முடியுமா? … ரொம்ப தேங்க்ஸ். அம்மாகிட்ட குடுங்க.

யம்மா. … ம். … கேட்டுச்சா உனக்கு. … சொல்லாம எப்டிமா.

…

சரி, நீ சொல்றதுதான். அவர அங்க உட வேணாம். … மெய்யாத்தான் சொல்றேன். ரெண்டு பாஸ்போர்ட்டையும் ஒண்ணா வெச்சு அந்த ரப்பர் பேண்ட போடு. … போட்டியா. மெஷின் கேட்டா கேட்டுகினு இருக்கட்டும், நீ ஒண்ணும் அமுக்காத. அவர கூட்டிகினு வா. … ஆமா, நான் ஏர்போர்ட்டுக்கு வரேன். … ரெண்டு பேரையும் கூட்டிகினு வரத்தான்.

… நடக்கிறியா. ம், நட. அந்தப் பொண்ணு பின்னாடியே போ. …

இருபது நாளாகச் சாத்தியே கிடக்கிறது என்று அவன் நினைத்திருந்த அம்மாவின் அறைக்குள் ஏதோ ஒலித்தது.

இரு, இரு. … இல்லம்மா, இங்கதான். உன் ரூம்ல. … நைனா போனு. சார்ஜ்ல கீது. யாரு போட்டது? … உன் மருமவ ப்ரியாவ தெனமும் போட சொல்லிட்டுப் போனியா? … எங்கிட்ட ரெண்டு பேருமே சொல்லல பாரு. … மெசேஜு வந்துகீது. அந்தக் கடைலேர்ந்துதான். … படிக்கிறேன், இரு.

… ஒண்ணுமில்ல. 'நல்லபடியா ஊரு போய்ச் சேருங்க'ன்னு போட்டுகீது. … ஆமா. அவரு பேரு போட்டுத்தான். … சரி, உள்ள போ. பை பத்தரம். … அலோ? யம்மா? …

லைன் அறுந்துவிட்டது. அவன் தன் போனைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையிலிருந்த அப்பா போனில் வந்ததை மறுபடி படித்தான். உலகநாதன் அவர்களே, வரியைத் திரும்பப் பெறும் உங்கள் விண்ணப்பம் இன்னும் முடியவில்லை, கிளம்புவதற்கு முன் முடித்துவிடுங்கள் என்று இருந்தது. போன் சூடாக இருந்தது, யாரோ நெடுநேரம் பேசிவிட்டு இப்போதுதான் வைத்ததைப் போல.