இரண்டு தாழ்ப்பாள்

இந்த வழக்கில் கைதாகியிருப்பவரின் மனைவி நான். வயது ஐம்பத்தாறு. தண்ணீர்த்தொட்டித் தெரு, கடைசி வீடு. பள்ளிக்கூடம் போனதில்லை, எழுதப் படிக்க நானாகக் கற்றுக்கொண்டேன். விசாரித்தபோது சொல்வதாவது:

என் கணவர் துப்பாக்கி பழுதுபார்த்தவர். உரிமம் பெற்ற பழைய ராணுவ ரைபிள் ஒன்று வீட்டில் உண்டு. நூற்று முப்பது வருஷத்துக்கு முன் செய்தது. அதன் அடிக்கட்டைக்குள் எட்டுத் தோட்டா வரிசையாக நிற்கும் குழாய் இருக்கிறது, வெளியே தெரியாது. மேலே கைப்பிடி வைத்த, போல்ட் என்கிற இரும்பு உருளையை இழுத்துத் தள்ளினால் ஒரு தோட்டா ஏறும், கைப்பிடியை மடக்கினால் பூட்டிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் நான் அந்த உருளைக்குத் தாழ்ப்பாள் என்று பெயர் வைத்தேன். பிறகு வீட்டில் எல்லோருக்கும் அதுவே பெயர். அதைக் கழற்றிச் சாமி அலமாரியில் பூட்டி வைப்பேன். எடுத்த நேரம், வைத்த நேரம் என் நோட்டில் உள்ளது.

வீட்டுப் பாகம் விஷயமாக என் கணவருக்கும் கொழுந்தனாருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சில்லை. சம்பவத்தன்று பேசித் தீர்க்க வருவதாகக் கொழுந்தனார் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று காலை ஒன்பதே காலுக்கு, எண்ணெய் போட உருளையை எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு கோயிலுக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "என்னங்க, தாழ்ப்பாளப் போட்டுடுங்க" என்றேன். உள்ளேயிருந்து, "எண்ணெய் கொஞ்சம் இறங்கட்டும், போட்டுடறேன்" என்றார். கதவுக்கு எதற்கு எண்ணெய் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு திரும்பி வருகையில் தெருமுனையில் வெடிச்சத்தம் கேட்டு ஓடினேன். கதவு அகலத் திறந்திருந்தது. கொழுந்தனார் நிலைப்படியில் தொடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என் கணவர் அவர் காலில் துண்டைச் சுற்றிக்கொண்டே, "காலியாத்தான்டா இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குழாயின் துருப்பிடித்த ஸ்பிரிங்கில் வெகுகாலம் சிக்கிக் கிடந்த தோட்டா எண்ணெயில் இளகி வந்து, அவர் உருளையை மாட்டி விசையை இழுத்துப் பார்த்தபோது வெடித்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் கொழுந்தனார், "நான் வருவேன்னு தெரிஞ்சே கதவத் திறந்து வெச்சு, துப்பாக்கிக்குத் தாழ்ப்பாள் போட்டு உக்காந்திருக்காரு அண்ணி. உங்க வீட்ல எல்லாமே தலைகீழ்" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தாழ்ப்பாள் போட நான் சொன்னதை என் கணவர் உங்களிடம் சொல்லவில்லை என்று அறிகிறேன். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் என்மேல் பழி போட்டதில்லை. அவர் தம்பியைச் சுடக் காத்திருக்கவில்லை. நான் போடச் சொன்ன தாழ்ப்பாளைப் போட்டார், கதவில் அல்ல, துப்பாக்கியில். நோட்டில் அன்றைய தேதிக்கு, வைத்த நேரம் எழுதும் இடம் காலி. உருளை உங்கள் வசம் இருக்கிறது.

எழுதியதை நானே படித்துப் பார்த்தேன். எழுத்தர் ஐயா இரண்டு இடத்தில் போல்ட் என்று மாற்றியிருந்தார். அடித்துவிட்டுத் தாழ்ப்பாள் என்றே எழுதச் சொன்னேன். இப்போது இதில் உள்ளது அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)