ஒழுகாத வண்டி

புது வண்டி என்றால் முதலில் கொஞ்சம் ஆயில் கசியத்தான் செய்யும். இதை நான் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவருகிறேன். பத்தில் எட்டுப் பேர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மீதி இரண்டு பேருக்காகத்தான் வாரண்டிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு நான் தலைவன்.

என்ன வேலை என்று நேற்று கேட்டீர்கள். இல்லை என்பதை மரியாதையாகச் சொல்கிற வேலை. லாரி வாங்குகிறவர்களுக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. ஆனால் சாவி கைக்கு வந்த மறுநாளே எல்லோரும் இன்ஜினுக்கு டாக்டர் ஆகிவிடுவார்கள். ஒருவர் கடகடவென்று சத்தம் வருகிறது என்பார். பார்த்தால் இருக்கைக்கு அடியில் அவருடைய தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருக்கும். இன்னொருவர் டீசல் நாற்றம் என்பார். டீசல் அவர் சட்டையில் இருக்கும். இவர்களை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வந்த வழியே அனுப்புவதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது உண்டு. வேறு எந்தக் கிளையிலும் இத்தனை புகாரைத் திருப்பி அனுப்பியதில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் மூன்று கேடயங்கள் இருந்தனவே, பார்த்திருப்பீர்கள்.

அந்தத் தம்பதி முதல்முறை வந்தது வண்டி எடுத்த மூன்றாவது வாரத்தில். கணவர் குள்ளமான ஆள், சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார், வாயைத் திறக்கமாட்டார். பல வருடம் அடுத்தவர் லாரியை ஓட்டியவர். மனைவி ஒன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். இருவரும் சேர்ந்து சொந்தமாக ஒரு லாரி எடுத்து, மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் தூங்குவார்.

பேசியதெல்லாம் அவள்தான்.

“இன்ஜினுக்கு அடியில ஆயில் சொட்டுது சார். நாலு நாளா பாக்கறேன்.”

“புது வண்டில அப்படித்தாம்மா இருக்கும். போகப் போக செட்டாயிடும்.”

“எத்தனை நாள்ல செட்டாகும்?”

இப்படி யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஓடட்டும், பார்ப்போம் என்றேன். இன்ஜினுக்குத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொன்னேன். கழுவிய இன்ஜின் ஒழுகாது. அரைமணி நேரத்துக்காவது ஒழுகாது. வண்டியின் எல்லா வேலையும் எழுதிவைக்கும் ஜாப் கார்டில் ‘கசிவு இல்லை’ என்று எழுதினேன். அடுத்த மாதம் மறுபடி வந்தார்கள். மறுபடி கழுவினோம், ஒரு லிட்டர் ஆயில் ஊற்றினோம், ‘கசிவு இல்லை’ என்று எழுதினேன்.

மூன்றாவது முறை அவள் அட்டைகளோடு வந்தாள்.

பெட்டிகளைக் கிழித்து எடுத்த சாதாரண அட்டைகள்தான். வண்டியை நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும் இன்ஜினுக்கு அடியில் ஒன்றைப் போட்டு, காலையில் எடுத்து, மூலையில் பேனாவால் தேதி எழுதியிருந்தாள். பதினேழு அட்டைகள். என் மேஜையில் இருந்த பொருட்களையெல்லாம் ஓரமாக நகர்த்திவிட்டு, சீட்டுக்கட்டு பரப்புவதுபோல் வரிசையாகப் பரப்பினாள். முதல் அட்டையில் கடுகளவு. கடைசி அட்டையில் உள்ளங்கை அகலம்.

அப்போது வெளியில் ஏழெட்டு டிரைவர்கள் காத்திருந்தார்கள். என் அறைக்குக் கதவு கிடையாது, கண்ணாடித் தடுப்புதான்.

“இன்ஜினுக்கும் வேர்க்கும்மா,” என்றேன். பல வருடமாக நான் சொல்லும் வாக்கியம். பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள்.

“வேர்த்தா இவ்வளவு கறுப்பாவா சார் வேர்க்கும்?” என்றாள். “நீங்க ஒரு தடவைகூட குனிஞ்சு பாக்கல. ரெண்டு தடவையும் கழுவித்தான் குடுத்தீங்க.”

டிரைவர்கள் சிரித்தார்கள். ஒருவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். கிளை மேலாளர் அந்த வழியாகப் போனவர் நின்று, அட்டைகளைப் பார்த்து, என்னைப் பார்த்துவிட்டுப் போனார். நான் கோபப்படவில்லை. கோபம் என்பது அடக்கத் தெரியாதவர்களுக்கு வருவது. சனிக்கிழமை வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், நானே நேரில் பார்க்கிறேன் என்றேன். அட்டைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். மேஜையை நான் இரண்டு முறை துடைத்தேன்.

சனிக்கிழமை வண்டியைப் பிரித்தது என் மச்சினன். என் மனைவியின் ஒரே தம்பி. நான்தான் அவனை அந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டேன். கை நல்ல கை, தலை அவ்வளவு இல்லை. மனதில் தோன்றுவதை அப்படியே சொல்லிவிடுகிறவனுக்கு எங்கள் தொழிலில் எதிர்காலம் கிடையாது. பன்னிரண்டு மணிக்கு என் அறைக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“மாமா, கண்டுபிடிச்சிட்டேன். அந்தக்கா சொன்னது சரிதான்.”

அக்கா என்றான். எனக்குத் தெரிந்து அவளோடு அவன் நான்கு வார்த்தை பேசியிருப்பான்.

போய்ப் பார்த்தேன். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாய், சுண்டுவிரல் தடிமன். அதைப் பிடித்துக்கொள்ளும் கிளிப்பைத் தொழிற்சாலையில் மாட்ட மறந்திருந்தார்கள். வண்டி ஓட ஓடக் குழாய் பக்கத்து இரும்பில் உரசி, தேய்ந்து, மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. அங்கிருந்து ஆயில் கசிந்து வழிந்துகொண்டிருந்தது.

“இதோட விட்டா ஆபத்து மாமா. டர்போ செவக்கச் செவக்கப் பக்கத்துலயே கெடக்கு. குழாய் ஸ்டோர்லயே மூணு இருக்கு. அரைமணி நேர வேலை.”

அவன் சொன்னது உண்மை. ஸ்டோரில் மூன்று குழாய்கள் இருந்தன, அலமாரியின் இரண்டாவது தட்டில். விலையும் ஒன்றும் பெரிதில்லை. அதை யாரும் என்னிடம் கேட்கப் போவதுமில்லை. ஆனால் குழாயை மாற்றினால் ‘தயாரிப்புக் குறை’ என்று எழுத வேண்டும். அதே காகிதத்தில், அதற்கு மேலே, என் கையெழுத்தோடு இரண்டு முறை ‘கசிவு இல்லை’ என்று இருக்கிறது. அவள் அதில் ஒரு பிரதி கேட்பாள். கேட்காமல் விடுகிற ரகமில்லை. அதை அந்த டிரைவர்களிடம் காட்டுவாள். பதினேழு அட்டைப் பெட்டித் துண்டு என் இருபத்திரண்டு வருடத்தைவிட உசத்தி என்று ஆகிவிடும். அது நியாயமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

“பசை போட்டு அடைச்சா நிக்குமா?” என்று கேட்டேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

“எந்தப் பசை? ரெண்டு டியூப கலந்து பூசுவோமே, அந்த இரும்புப் பசையா? சமதரையில கொஞ்ச நாள் நிக்கும். ஏத்தத்துல இன்ஜின் சூடேறி பிரஷர் ஏறுச்சுன்னா மொத்தமா பிச்சுக்கும் மாமா. அப்புறம் சொட்டாது, பீச்சும். டர்போ மேலேயே பீச்சும். ஏன் கேக்கறீங்க?”

“குழாய நானே மாத்தறேன். நீ சாப்பிடப் போ. ஜாப் கார்டுல கையெழுத்து போட்டுட்டுப் போ.”

ஜாப் கார்டில் செய்த வேலையை எழுதுவதற்கு முன்பே மெக்கானிக் கையெழுத்துப் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். நான் கொண்டுவந்த வழக்கம்தான், நேரம் மிச்சமாகும். அவன் போட்டுவிட்டுப் போனான். திரும்பி வந்ததும் வேறு வண்டிக்கு அனுப்பிவிட்டேன்.

கையில் கிரீஸ் பட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் கை மறக்கவில்லை. குழாயைத் தின்னர் போட்டுத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசையைக் கலந்து மூன்று சுற்றாகப் பூசினேன். காய்ந்ததும் மறுபடி தேய்த்துச் சமமாக்கி, குழாயின் நிறத்திலேயே பெயின்ட் அடித்தேன். விரலால் தடவிப் பார்த்தால்கூடத் தெரியாது. முழுதாக மூன்று மணி நேரம் ஆனது. குழாயை மாற்றியிருந்தால் அரைமணி நேரம்தான். எனக்கு வேலையில் சோம்பல் கிடையாது என்பதை இதிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

ஜாப் கார்டில் ‘முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டது. கசிவு இல்லை’ என்று எழுதினேன்.

திங்கட்கிழமை காலை இருவரும் வந்தார்கள். கையோடு புது அட்டை ஒன்று கொண்டுவந்திருந்தாள். நல்லது, போடுங்கள் என்றேன். இன்ஜினை முக்கால் மணி நேரம் ஓடவிட்டோம். அவள் மண்டியிட்டு, தலையை இன்ஜினுக்கு அடியில் நீட்டி, அட்டையை வெளியே இழுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை.

“என்ன சார் பண்ணீங்க?”

“ஒரு நட்டு லூசா இருந்துச்சு. முறுக்கிவிட்டேன். நான்தான் சொன்னேனே, பெரிசா ஒண்ணும் இல்லன்னு.”

அவள் எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பிறகு, “மன்னிச்சுக்குங்க சார். அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எங்களுக்கு இது மொத வண்டி. அந்தப் பயம்,” என்றாள். அதையும் டிரைவர்கள் காதில் விழும்படிதான் சொன்னாள். தவறை ஒப்புக்கொள்வதில் அவளிடம் ஒரு நேர்மை இருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். கணவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். “ரொம்ப நன்றிங்க,” என்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எந்தப் பக்கம் லோடு?” என்று கேட்டேன்.

“இப்ப பூரா கீழதான் சார். அடுத்த வாரத்துலேருந்து மலைக்கு. கூரைத் தகடு ஏத்தறோம்.”

“நல்லபடியா போயிட்டு வாங்க.”

மச்சினன் எதிரில் வந்தான். குழாய் மாற்றியாச்சா மாமா என்றான். மாற்றியாச்சு என்றேன். பழைய குழாய் எங்கே, மற்ற பையன்களுக்குக் காட்டலாமே என்றான். குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். சரி என்று போய்விட்டான். அவனிடம் எனக்குப் பிடித்தது இந்த நம்பிக்கைதான்.

பதினொன்றாம் நாள் பகல் ஒரு மணிக்கு, மலைப்பாதையின் கடைசிக்கு முந்தின வளைவில் வண்டி தீப்பிடித்தது. கணவர் ஓட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஓட்டிய களைப்பில் அவள் பின்படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். புகை முதலில் படுக்கைப் பக்கம்தான் ஏறியிருக்கிறது. அவர் வண்டியை மலையோரம் சாய்த்து நிறுத்தி, இறங்கி ஓடாமல், பின்னால் கையைவிட்டு இழுத்திருக்கிறார். வெளியே கொண்டுவந்துவிட்டார். ஆனால் அதற்குள் முடிந்துவிட்டது. அவருடைய இரண்டு கைகளும் முழங்கைவரை போய்விட்டன என்று நீங்கள்தான் சொன்னீர்கள். என் கையைப் பிடித்த அதே கைகள் என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். இப்படியெல்லாம் பார்ப்பதால் ஒரு விசாரணைக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

ஜாப் கார்டில் மச்சினனின் கையெழுத்து இருந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். என் மனைவி ஆறு வாரமாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. “என் தம்பி அப்படிச் செய்வானாங்க? நீங்களே சொல்லுங்க,” என்று என்னைக் கேட்டாள். மறதி யாருக்கும் வரலாம் என்றேன். அவனுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அதுவும் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அழுதால் நான்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.

நீங்கள் நினைக்கலாம், அந்தக் குழந்தையைப் பார்த்து மனம் இளகித்தான் நானாக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று. அப்படி எழுதிக்கொண்டால் உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் அது உண்மையில்லை. போன வியாழக்கிழமை உங்கள் நிபுணரின் அறிக்கையைக் கிளை மேலாளர் எனக்குப் படித்துக் காட்டினார். எரிந்த குழாயில் பசை இருந்ததாம். அதுவரை சரி. அதற்குக் கீழே எழுதியிருந்தார்: ‘அனுபவமில்லாத ஊழியரின் அரைகுறை வேலை. கவனக்குறைவு.’

அரைகுறையா? அந்த நிபுணர் தன் வாழ்நாளில் ஒரு குழாயைக் கழற்றியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். பசை எவ்வளவு தாங்கும், எங்கே விடும், விட்டால் ஆயில் எதன்மேல் போய் விழும், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். அவர்கள் எந்தப் பாதையில் போகிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இதில் எந்த இடத்தில் கவனம் குறைந்தது? என் மச்சினன் மூன்று மணி நேரம் குந்தி உட்கார்ந்தாலும் அப்படியொரு வேலையைச் செய்யமாட்டான். அவனை விட்டுவிடுங்கள். செய்தது நான்.

அந்தப் பெண் இறந்ததில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். என் கையைவிட்டுப் போனபோது அந்த வண்டி ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அவளே குனிந்து பார்த்தாள்.