அண்ணன் அடைச்ச புடவு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, வெள்ளைக்கரட்டு அடிவாரத்து ஊர்ல காமாயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் செத்துட்டான். நாப்பது வெள்ளாடு, கையில ஒரு பொட்டப்புள்ள. துணைன்னு சொல்ல அண்ணன் சடையன் ஒருத்தன்தானாம்.

அந்தக் கரடு சுண்ணாம்புப் பாறை. தண்ணி அரிச்சு அரிச்சு உள்ளுக்குள்ள பெரிய புடவு, குகை மாதிரி. ஓடைத் தண்ணி மேல்வாயில நுழையும், தரையோட ஓடும், கீழ்வாயில வெளியேறும். உள்ள ஓரமா ஆள் உசரத்துக்கு ஒரு மேடு. மழைக்காலத்துல அந்த மேட்டுலதான் ஆட்டை அடைப்பாளாம்.

அந்த வருசம் சடையன் என்ன செஞ்சான்? கீழ்வாயைக் கல்லு வச்சு அடைச்சான். உள்ள தேங்குன தண்ணியைத் தன் மிளகாய்க்குப் பாய்ச்சுனான். ஐப்பசி பொறந்துச்சு, மேகம் கறுத்துச்சு. காமாயி ஓடுனா.

"அண்ணே, கீழ்வாயைத் திறந்துட்டியா? ஆட்டை அடைக்கணும்."

"நேத்தே திறந்துட்டேன் தாயி. நீ போயி அடை."

கீழ்வாய்க்குப் போயிப் பார்த்தாளா? பார்க்கல. கூடப்பொறந்தவன் சொன்னா யாரு போயிப் பார்ப்பா? தேங்குன தண்ணியும் மிளகாய்க்குப் பாஞ்சு வத்திக் கிடந்துச்சு, மேல்வாய் வழியா ஆட்டை ஓட்டி மேட்டுல அடைச்சுட்டு வந்துட்டா.

அன்னிக்கு மத்தியானமே கொட்டுச்சாம். அப்படி இப்படிக் கொட்டல. மலையில இருந்து வெறும் தண்ணியா வந்துச்சு? மண்ணு, கல்லு, வேரோட மரம், எல்லாம் கூழாக் குழம்பி மேல்வாய்க்குள்ள போச்சு. போனதுக்கு வெளிய வர வழியில்ல. மேடு முங்குச்சு, முகடு முங்குச்சு. ஆடு கத்துனது கொஞ்ச நேரம் கேட்டுச்சாம். அப்புறம் அதுவும் இல்ல.

காமாயி கீழ்வாய்க்கு ஓடிப் பார்த்தா, வச்ச கல்லு வச்சபடி இருக்கு. ஒரு கல்லுகூட எடுக்கல.

"இன்னும் ரெண்டு தண்ணி பாய்ச்சிட்டா காய் திரண்டுரும்னு..." இழுத்தானாம் சடையன்.

தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. பாவி, இவன் சதை மிளகாய்க்குல்ல ஆடியிருக்கு!

"அடைச்சதைக்கூடப் பொறுத்துக்குவேன். திறந்துட்டேன்னு சொன்னியே அண்ணே!" வயிறெரிஞ்சு கேட்டாளாம்.

மறுவருசம் மகளுக்குக் காதுகுத்து. தோடும் புதுத்துணியுமா வந்து சடையன் மடியை விரிச்சு உட்கார்ந்தான். தாய்மாமன் மடியிலதானே குத்தணும்? காமாயி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கல. புள்ளையைத் தூக்கிட்டு விறுவிறுன்னு புடவுக்குப் போனா. மேல்வாயை அடைச்சுக் கிடந்த மண்ணு மேல உட்கார வச்சா.

"இங்க வச்சுக் குத்துங்க. இந்த மண்ணும் என் ஆட்டைக் கொன்னுச்சு. ஆனா கொல்லமாட்டேன்னு எங்கிட்ட வாக்குக் குடுக்கல."

அன்னியிலிருந்து அதுக்குப் பேரு அண்ணன் அடைச்ச புடவு. இன்னிக்கும் அந்த ஊர்ல காதுகுத்துன்னா புள்ளை உட்கார்றது அந்த மண்ணுலதான். தாய்மாமன் எவ்வளவு நல்லவனா இருந்தாலும் சரி, தோட்டைக் குடுத்துட்டுத் தள்ளித்தான் நிக்கணுமாம்.