திருப்பி மாட்டிய கதவு

மாலை ஆறே முக்கால். தார்ச் சாலையிலிருந்து பிரிந்து ஒரு மைல் போகும் மண்பாதை. வழியில் விளக்கு இல்லை, வீடு இல்லை. கடைசியில் ஒரே ஓர் ஓட்டு வீடு. நாற்பதடி தள்ளி ஓர் ஆட்டுக் கொட்டகை. அந்தக் கொட்டகையின் கதவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கரண்ட் போன இரவுகளில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொல்லும்போது நானும் இதைச் சொல்வதுண்டு. தோழியின் அக்காவுக்கு நடந்தது என்று ஆரம்பிப்பேன். எழுதும்போது அந்தப் பொய் எதற்கு? அவள் என் அக்கா.

அக்கா அத்தானுக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் கழித்து அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். மூத்தவளின் படத்தை அத்தானே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பாத்திரங்களை அக்கா மாற்றினாள். மிச்சம் இருந்தது ஒன்றுதான்... கட்டில். கனமான பலகைக் கட்டில். சுவரோரப் பலகையில், தலை வைக்கும் இடத்தில், ஒரு சாண் அகலத்துக்குக் கருப்பாக ஒரு வட்டம். மூத்தவளின் தலை எண்ணெய், பாயையும் தாண்டி வருடக்கணக்கில் மரத்துக்குள் இறங்கியிருந்தது. மழை வந்தால் மணக்கும்.

"நாங்க மூணு பேரா படுக்கிறோம்டி," என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அடுத்த முறை சிரிக்காமல் சொன்னாள். எந்தப் பக்கம் படுத்தாலும், விடியும்போது ஒரு கால் தரையில் தொங்க விளிம்பில்தான் கிடக்கிறாளாம்.

அந்த வருடம் நாய்கள் கொட்டகையின் தகரக் கதவைப் பிய்த்துக்கொண்டு நுழைந்து இரண்டு குட்டிகளைத் தூக்கிப் போயின. தச்சர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு அத்தான் திரும்பி வந்துவிட்டார். அக்காதான் வழி சொன்னாள். கட்டில் இருக்கிறதே, அதை உடைத்தால் கதவு ஆயிற்று என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தானின் கை கொஞ்ச நேரம் தட்டிலேயே நின்றது. பிறகு சரி என்றார்.

"முடியாதுன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்," என்றாள் அக்கா பின்னால். "சரின்னு சொன்னாரு பாரு, அதுதான் தாங்கல."

கதவு செய்த அன்று நானும் அங்கே இருந்தேன். அத்தானுக்குக் கைவேலை நன்றாக வரும். கட்டிலின் ஆணிகளைக்கூட வீணாக்காமல் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். ஐந்து பலகைகளை நெட்டுவாக்கில் அடுக்கி, மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று எனக் குறுக்குச் சட்டங்கள் அடித்தார். மறுபக்கம் துருத்திய ஆணி முனைகளை மடக்கி மரத்திலேயே புதைத்தார். கடைசியாக மூலைக்கு மூலை ஒரு சாய்வுக் கட்டை.

"இதுதான் கதவுக்கு உசிரு," என்றார் என்னிடம். "கீல் பக்கத்து அடியில ஆரம்பிச்சு, தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலைக்கு ஏறணும். அப்பதான் பாரம் கீல்ல இறங்கும். மாத்தி ஏறுச்சுன்னா கதவு தொங்கிப்போயிடும்."

மாட்டி முடித்ததும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். எண்ணெய் வட்டம் கதவின் வெளிப்பக்கம் இருந்தது. சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே... ஆள் உயரத்தில். நிமிர்த்தி வைத்த கட்டில்தானே அது. தலை இருந்த இடத்தில் தலை.

"என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறா. திருப்பி மாட்டுங்க."

"திருப்புனா சாய்வு மாறிடும். தொங்கும்."

"தொங்கட்டும்."

அத்தான் கீல்களைக் கழற்றினார். வட்டம் கொட்டகைக்குள் போயிற்று.

ஒரே வாரத்தில் கதவு தொங்கியது. தாழ்ப்பாள் பக்கத்து அடிமூலை மண்ணில் உரசும். சர்ர்ர்... அப்புறம் நிலையில் போய் இடிக்கும். டொக். அந்தச் சத்தம் வீடு வரை கேட்கும். தினமும் ஆறே முக்காலுக்கு அத்தான் ஆடுகளை அடைக்கப் போவார். குட்டிகள் ஓடிவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு தீவனம் போடுவார். திரும்ப வெளியே வருவதென்றால் தோளையும் கன்னத்தையும் பலகையில் அழுத்திக் கதவைத் தூக்கித்தான் திறக்க வேண்டும். முதலில் பத்து நிமிடத்தில் வந்தவர், பிறகு அரை மணி... முக்கால் மணி. வரும்போது சட்டையில் ஆட்டு வாடை இல்லை. எண்ணெய் மணந்தது.

ஒரு நாள் அக்கா பலகை இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"கதவைத் தூக்குறேன்."

"கதவைத் தூக்கக் கண்ணை மூடணுமா?"

கழற்றிச் சரியாக அடிக்கச் சொன்னாள். நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார்.

அப்புறம் ஒரு மாலை. இருவரும் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆடுகளை அடைத்தாயிற்று, வெளியே தாழ்ப்பாளும் போட்டாயிற்று. சர்ர்ர்... டொக். அத்தான் டம்ளரை வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்டது போல எழுந்தார். அக்கா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாளாம். அன்று இரவு முழுக்க அந்தக் கையை விடவில்லையாம்.

நான்காம் நாள் எனக்கு போன் வந்தது. மணி ஆறே முக்கால்.

"அவர் சந்தைக்குப் போயிருக்காருடி, வர எட்டாகும். கதவுச் சத்தம் கேக்குது. அவர் இல்லங்கிறது அவளுக்குத் தெரியல போல..."

"போகாதக்கா."

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

அவள் குரலில் பயமே இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தாள். செருப்புச் சத்தம் கேட்டது. ஓர் ஆடுகூடக் கத்தவில்லை. சர்ர்ர்... டொக். பிறகு அக்கா, அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவது போல நிதானமாகச் சொன்னாள்: "அவர் என் புருஷன்."

மறுபடி சர்ர்ர்...

"தள்ளு," என்றாள்.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. இணைப்பு மட்டும் துண்டிக்கப்படவில்லை. மூச்சு விடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது... இரண்டு பேருடைய மூச்சு. அப்புறம் ஒன்று.

எட்டு மணிக்கு அத்தான் வந்தபோது வெளித் தாழ்ப்பாள் திறந்திருந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை. மண்ணில் சிக்கியதாகத் தெரியவில்லை, உள்ளேயிருந்து யாரோ தள்ளிப் பிடித்த மாதிரி இருந்தது என்றார். கடப்பாரை கொடுத்து நெம்பினார். அக்கா தீவனத் தொட்டிக்கும் கதவுக்கும் நடுவே, கன்னத்தைப் பலகையில் சாய்த்து, நின்றபடியே இருந்தாள். பழைய வட்டத்தைத் தொடாமல், ஒரு முழம் தள்ளி. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். முப்பத்து நாலு வயது.

ஒரு மாதம் கழித்து நானும் அம்மாவும் போனோம். அத்தான் கதவைக் கழற்றி, அதே ஐந்து பலகைகளைத் திரும்பவும் கட்டிலாக அடித்துப் போட்டிருந்தார். ஆனால் அதில் படுப்பதில்லை. வாசலில் பாய் விரித்துக்கொள்கிறார். ஏன் என்றதற்கு, "இடம் இல்ல," என்றார். அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா தயங்கித் தயங்கி அவரிடம் ஒரு பேச்சை எடுத்தாள். இன்னும் சின்ன வயசுதானே, இவளும் கல்யாணமாகாமல் சும்மாதானே இருக்கிறாள் என்று என்னைக் காட்டினாள். அவர் பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் தட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

அம்மாவுக்கு முதுகுவலி, தரைதான் ஒத்துக்கொள்ளும். கட்டில் எனக்கு. விரிப்பை உதறும்போது பார்த்தேன். பலகையில் இரண்டு வட்டங்கள். ஒன்று பழையது, காய்ந்தது. ஒரு முழம் தள்ளி இன்னொன்று... தொட்டால் விரலில் ஒட்டியது. இரண்டையும் தொடாமல் நடுவில் படுத்தேன்.

எப்போது என்று தெரியவில்லை. இடது காதருகே என் அக்காவின் குரல், கோபமே இல்லாமல்.

"தள்ளிப் படுடி."

தள்ளிப் படுத்தேன். வலது பக்கம் பலகை முனகியது. என் கன்னத்தில் பிசுபிசுவென்று கூந்தல் பட்டது.