பேரச் சொன்னாத்தான் மேல வந்த மாதிரி

இரு தம்பி, மீன் கழுவுன கை, தொடச்சுக்கிறேன். இந்தா விரலு. துணிக்கு மாட்டுற கிளிப்பு மாதிரி இருக்கு, இதுவா ரத்தத்துல காத்து எவ்ளோ இருக்குன்னு சொல்லும்?

எம்பத்தாறா. பாஸா, ஃபெயிலா? சிரிக்க மாட்டேங்கிறியே. அடுத்த விரல்ல மாட்டிப் பாரு. அதுவும் அதேதானா, சரி.

இப்பவே உங்க வைத்தியக் கப்பல்ல ஏறி, தலைநகரம் பப்பீட்டே பெரியாஸ்பத்திரிக்கு வரணுமா. இல்லன்னா நெஞ்சு நின்னுருமா. ம், கேட்டுக்கிட்டேன்.

நீ சொன்னது வெளங்குச்சுப்பா. கொப்பரை ஏத்துற கப்பல் மாதிரிதான் ரத்தம். நெஞ்சுக்குள்ள நின்னு காத்த ஏத்திக்குது, தீவு தீவா எறக்கிக்கிட்டே போகுது, வெறுங்கப்பலாத் திரும்புது. சரக்கோட போறப்ப நல்ல செவப்பு, திரும்புறப்ப கருஞ்செவப்பு. என் கப்பலுக்குச் சரக்கு பத்தல. அதான் நகமெல்லாம் நீலம்.

இது எங்களுக்குத் தெரியாததில்ல. இந்தக் காயல்ல சிப்பிக்கு முங்குறவனுக்கு மொதல்ல கை காலு சில்லிட்டுரும். சரக்கு கொறஞ்சா கப்பல்காரன் கடைக்கோடித் தீவ விட்டுட்டுப் போறானில்ல, அப்படி. மிச்சமிருக்கறது நெஞ்சுக்கும் தலைக்கும். அதுவும் தீந்துச்சுன்னா, வள்ளத்துக்குக் கைக்கெட்டுற தூரத்துல வந்து மயங்கிருவான். அதனாலதான் மேல வந்தவன் வள்ளத்துல கயிறு புடிக்கிறவ பேரச் சொல்லணும்னு வச்சிருக்கோம். சிரிச்சாப் பத்தாது, கைய ஆட்டுனாப் பத்தாது. பேரச் சொன்னாத்தான் தலைக்குக் காத்து போயிருச்சுன்னு அர்த்தம். எங்கம்மா காலத்துல ஒருத்தன் மேல வந்து பக்கத்து வள்ளத்துக்காரி பேரச் சொல்லிட்டான். காத்து பத்தலயா, வேற சங்கதியான்னு ஊரே பேசுச்சு.

அவன் சொல்லாத வரைக்கும் அவ கயித்த விட்டு நகரக் கூடாது. மழையடிச்சாலும் சரி.

வந்ததுதான் வந்த, அந்தக் கிளிப்ப அவருக்கும் மாட்டிப் பாரேன். எம்புருசன், தெகுரியோ. ஜன்னலோரமாத்தான் எப்பவும் உக்காந்திருப்பாரு. நீயே கையத் தூக்கி மாட்டு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

தொண்ணூத்தெட்டா? அவரு எப்பவும் என்னைய விடக் கெட்டிதான். அப்ப எல்லாத் தீவுக்கும் கப்பல் போகுதுல்ல? பெறகு ஏன் தம்பி இப்படிப் பேச்சில்லாம உக்காந்திருக்காரு?

ஓ. கொஞ்ச நேரம் சரக்கு வராமக் கெடந்த தீவுல, பெறகு கப்பல் வந்தாலும் எறக்கிக்க ஆளிருக்காதோ. சரிதான். எங்கிட்ட இத இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல.

அட, நான் வந்துட்டா அவரப் பாத்துக்க ஆளில்லாம இல்ல, அவர் தங்கச்சி பக்கத்து வீடுதான். மீனாய்ஞ்சு ஊட்டுவா, குளிப்பாட்டுவா, எல்லாஞ் செய்வா. நான் வர மாட்டேங்கிறது அதுக்காக இல்ல. கடைசியா சிப்பிக்கு முங்குன அன்னிக்கு மேல வந்தவரு என் மொகத்தப் பாத்தாரு, சிரிக்கக்கூடச் செஞ்சாரு. எம்பேரத்தான் இன்னும் சொல்லல. ஹெய்புவா. சின்னப் பேருதான்.

கப்பல் ஊதுது பாரு, உன்னைய விட்டுட்டுப் போயிருவாங்க. கெளம்பு. கதவச் சாத்திராத, அவருக்குக் காத்து வரட்டும்.