மூன்றுக்கு ஒன்று

மாலை ஐந்து இருபது. நவம்பர் பதினைந்து. சதுப்பை ஒட்டி மர லாரிகள் போகும் பழைய சாலை...

தெரியும் இல்லையா அந்தச் சாலை? பதினெட்டு மைலுக்கு ஒரே ஒரு வீடு. விளக்கு கிடையாது, போன் எடுக்காது. இரண்டு பக்கமும் செடார் மரங்கள் சாய்ந்துகொண்டு நிற்கும். அதில் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போனான் வெஸ்லி. நம் மர்வினுக்குப் பெரியப்பா மகன். மர்வின் குடித்துவிட்டு இதைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவன் காலையில், வெறும் வயிற்றில் சொன்னான்.

வெஸ்லியின் வண்டியில், பின் இருக்கையில் ஒரு துப்பாக்கி. பழைய லீவர் துப்பாக்கி, ஒவ்வொரு வெடிக்கும் அடியில் இருக்கும் பிடியை இழுத்துவிட வேண்டிய ரகம், கட்டை கறுத்துப் போனது. அதை விற்கத்தான் போய்க்கொண்டிருந்தான். டவுன் கடைக்காரர் ஆறரைக்குள் கொண்டுவரச் சொல்லியிருந்தார். காலையிலிருந்து மூன்று தடவை கிளம்பி, மூன்று தடவையும் பாதியில் திரும்பியிருக்கிறான். வைத்துக்கொள்வதா, விற்பதா... பதினொரு வருடமாக இதே இழுபறி.

துப்பாக்கி அவனுடைய சித்தப்பா எய்னோவுடையது. உங்களில் வயதானவர்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வரும். குழல் துடைக்கிற எண்ணெய் வாசனை, கனிந்து போன வாழைப்பழம் மாதிரி. கோட்டு, தொப்பி, தாடி, எல்லாவற்றிலும் அதுதான்.

எய்னோவிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதல் சட்டம், துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவரக் கூடாது. குளிரில் கிடந்த இரும்பு உள்ளே வந்தால் முத்து முத்தாக வியர்த்துவிடும், துரு பிடிக்கும். வராந்தா ஆணியில்தான் தொங்க வேண்டும். நாமும் இப்போது வேட்டை முடிந்து அப்படித்தானே மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம். அடுத்த சட்டம், மூன்றுக்கு ஒன்று. காட்டில் வழி தவறியவன் நிதானமாக மூன்று வெடி வைக்க வேண்டும். கேட்டவன் ஒரே ஒரு வெடி வைத்துப் பதில் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டது, வருகிறேன், அங்கேயே இரு என்று அதற்கு அர்த்தம். பதில் வந்த பிறகு வழி தவறியவன் ஒரு அடி நகரக் கூடாது. மறுபடி சுடவும் கூடாது, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நகர்ந்தால் தேடி வருகிறவனும் சேர்ந்து தொலைவான் என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரித்ததில்லை.

பதினொரு வருடத்துக்கு முன்னால், இதே தேதி. வெஸ்லி மரத்துப் பரண் மேல் உட்கார்ந்திருந்தான். மூன்று வருடமாக அவனுக்கு ஒரு மான்கூட விழவில்லை. மூன்று வருடமும் குறி தப்பினான். குறி தப்பியவனுக்கு வேட்டை முகாமில் அதுதான் தண்டனை என்று, மூன்று வருடமும் அவன் சட்டையின் பின்பக்கத் தொங்கலைக் கத்தரித்து, பெயரும் தேதியும் எழுதி, முகாம் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்கள். ஆணி அடித்தது எய்னோதான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு. இந்த வருடமும் தப்பினால் உனக்குப் போட்டுக்கொள்ளச் சட்டையே இருக்காது என்று காலையில்கூடக் கிண்டல் செய்துவிட்டுத்தான் போனார்.

இருட்ட இன்னும் இருபது நிமிடம். சதுப்புக்குள்ளிருந்து... டும். ஐந்து எண்ணும் நேரம். டும். மறுபடி ஐந்து. டும்.

வெஸ்லிக்குப் புரிந்தது. அந்தத் துப்பாக்கியின் குரலும் அவனுக்குத் தெரியும், சித்தப்பாவுடையது. பதிலுக்கு மேலே பார்த்துச் சுட விரலை வைத்துவிட்டான். அப்போதுதான் செடாருக்கு நடுவிலிருந்து அது வெளியே வந்தது. பத்துக் கிளைக் கொம்பு. இடது பக்கத்தில் ஒரு கிளை மட்டும் கண்ணைப் பார்த்து வளைந்திருந்தது. வெஸ்லி அசையவில்லை. இப்போது சுட்டால் மான் பறந்துவிடும். இரண்டு நிமிடம்தானே... முதலில் இது, அப்புறம் அவர்.

மான் மெதுவாக வந்தது. அவன் சுட்டான். ஒரே ஒரு வெடி.

மான் அடிபட்டு ஓடியது. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனான். கண்டுபிடித்து, வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்து, இழுத்துக்கொண்டு முகாமுக்கு வந்தபோது மணி எட்டு. அவ்வளவு நேரமும் சித்தப்பா ஞாபகமே வரவில்லை என்று மர்வினிடம் சொன்னானாம். எனக்கு இந்தக் கதையில் முதலில் பயம் வந்தது இந்த இடத்தில்தான்.

மூன்றாம் நாள் எய்னோவைக் கண்டுபிடித்தார்கள். சதுப்பின் மேல் உறைந்திருந்த பனிக்கட்டி உடைந்து இடுப்பு வரை நனைந்திருக்கிறார். தீப்பெட்டியும் நனைந்துவிட்டது. நனைந்தவன் நடந்துகொண்டே இருக்க வேண்டும், இது குழந்தைக்கும் தெரியும். அவர் ஒரு மரத்தில் சாய்ந்து, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, வெஸ்லியின் பரண் இருந்த பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். பையில் நான்கு தோட்டா மிச்சம். ஏன் மறுபடி சுடவில்லை, ஏன் நடக்கவில்லை... எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வெஸ்லிக்கு மட்டும் தெரியும். அவருக்குத்தான் பதில் வந்துவிட்டதே.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்ததும் எய்னோவின் மனைவி ஹில்யா சித்தி துப்பாக்கியையும் அந்த நான்கு தோட்டாக்களையும் அவன் கையில் கொடுத்தாள். நீதானே கூடப் போனவன், நீயே வைத்துக்கொள் என்றாள். அதற்கப்புறம் வருடா வருடம் ஒரே கேள்விதான் கேட்பாள்.

“அவரு ஏன் நடக்கல, வெஸ்லி?”

“தெரியல சித்தி.”

இரண்டாம் வருடம்தான் அது ஆரம்பித்தது. நவம்பர் பதினைந்து காலையில் அலமாரியைத் திறந்தால் துப்பாக்கி முழுக்க ஈரம். கணப்பு ஓடுகிற வீடு. வருடம் முழுக்க அந்த அலமாரியை விட்டு அது நகரவில்லை. ஆனால் ராத்திரி பூராவும் யாரோ குளிரில் வைத்திருந்துவிட்டு அப்போதுதான் உள்ளே கொண்டுவந்த மாதிரி... முத்து முத்தாக. குழாய் ஒழுகுகிறது என்று நினைத்தான். துடைத்து எண்ணெய் போட்டான். அடுத்த வருடமும் அதே தேதி. அதற்கு அடுத்த வருடமும். விற்கக் கிளம்பிய வருடம் பூட்டிச் சாவியைத் தலையணைக்குள் வைத்துத் தூங்கினான். காலையில் திறந்தான். விசைக்குப் பக்கத்தில் செடார் இலை ஒன்று, பச்சையாக, பனி ஒட்டிக்கொண்டு.

அன்றைக்கே விற்றுவிடுவது என்று முடிவு செய்தான். சித்திக்குப் போன் போட்டான். உன் இஷ்டம்ப்பா என்றாள். அவள் வேறு எதுவும் கேட்காததுதான் அவனை அறுத்தது.

சரி, சாலைக்கு வருவோம். ஐந்து இருபது. பனி கண்ணாடியில் அப்பியது. வளைவு திரும்பினான்... நடு ரோட்டில் மான். விளக்கு வெளிச்சத்தில் அப்படியே நின்றது. பத்துக் கிளை. இடது பக்கம் ஒரு கிளை, கண்ணைப் பார்த்து வளைந்து.

அந்தக் கொம்பு அவன் வீட்டுக் கொட்டகையில், சாக்கில் கட்டிக் கிடக்கிறது.

பிரேக்கை மிதித்தான். வண்டி வழுக்கிப் பள்ளத்தில் சரிந்து நின்றுவிட்டது. என்ஜின் இருமி அடங்கியது. ஏறி வந்து பார்த்தால் ரோட்டில் ஒன்றுமில்லை. குளம்புத் தடம்கூட இல்லை.

போனில் சிக்னல் இல்லை. அந்தச் சாலையின் ஒரே வீடு, ஹில்யா சித்தி வீடு, இரண்டு மைல்தான். ஆனால் கையை நீட்டினால் கை தெரியாத பனி. அதில் நடந்து, வாசலுக்கு நூறு அடியில் செத்தவர்கள் இருக்கிறார்கள். அரை மணி நேரம் பார்த்தான். விரல் மரத்துப் போனது. வேட்டை தொடங்கிய நாள், யாராவது காட்டில் இருப்பார்கள். வேறு வழி இல்லை... துப்பாக்கி உறையைத் திறந்தான். அந்த நான்கு தோட்டாக்களும் உறைப் பையிலேயே இருந்தன. போட்டான்.

டும். ஐந்து எண்ணினான். டும். டும். ஒவ்வொரு தடவையும் லீவரை இழுத்தான். மூன்று காலி ஓடுகள் பனியில் சொருகின. நான்காவது தோட்டா உள்ளே ஏறி உட்கார்ந்தது.

அமைதி. பனி விழுகிற சத்தம்கூடக் கேட்கிற அமைதி.

டும்.

ஒன்று. ஒன்றே ஒன்று.

வெஸ்லி அழுதுவிட்டான். கேட்டுவிட்டார்கள், ஆள் வருகிறது. நெஞ்சு வரைக்கும் சூடு பரவியது என்றான். சித்தப்பாவுக்கும் அன்றைக்கு இப்படித்தானே இருந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. அதற்கு அடுத்த நொடி இன்னொன்றும் தோன்றியது. வெடி கேட்டது வீடு இருக்கும் பக்கம் இல்லை. இடது பக்கம். சதுப்புக்குள். அந்தக் குரல் அவனுக்குத் தெரிந்த குரல், அவன் கையிலிருந்த இதே துப்பாக்கியின் குரல்.

க்ரச்... க்ரச்... பனியில் பூட்ஸ் மிதிக்கிற சத்தம். நிதானமாக. இடையில் நின்று, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மறுபடி க்ரச். கூடவே காற்றில் கனிந்த வாழைப்பழ வாசனை.

துப்பாக்கியைப் பனியில் போட்டுவிட்டு ஓடினான்.

எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. பள்ளத்தின் விளிம்பைக் காலால் தடவித் தடவிப் போயிருக்கிறான். ஹில்யா கதவைத் திறந்தபோது அவன் புருவம் வெள்ளையாக இருந்தது. உள்ளே இழுத்து, அடுப்புப் பக்கம் உட்கார வைத்து, அவனுக்கும் தனக்குமாகக் காப்பி ஊற்றினாள். அவன் குடிக்கவில்லை. பதினொரு வருடம் தொண்டையில் கிடந்ததைக் கொட்டினான். மூன்று வெடி, மான், தன் ஒற்றை வெடி, இன்றைக்கு ரோட்டில் நடந்தது, எல்லாம்.

முடித்ததும் அவள் அடுப்புக்குள் ஒரு கட்டையைத் தள்ளினாள்.

“அதான் அவரு நடக்கல.”

“ஆமா சித்தி.”

“நீ வருவேன்னு உக்காந்திருக்காரு.”

அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. திட்டுவாள், வெளியே போகச் சொல்வாள் என்று காத்திருந்தான். அடித்திருந்தால்கூடத் தேவலை. அவள் எழுந்து, அலமாரியிலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தாள். மூன்றாவது கோப்பை.

“எதுக்கு சித்தி?”

“இன்னைக்கி மூணு வெடி வெச்சது நீ. பதில் சொன்னது அவரு. நீ நகர்ந்திருக்கக் கூடாது வெஸ்லி. இப்ப உன்னத் தேடிட்டிருப்பாரு.”

“சித்தி... வேணாம்.”

“பதில் சொல்லிட்டு வராம இருக்க, அவரு என்ன நீயா?”

கத்திச் சொல்லவில்லை. காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

அப்புறம் இரண்டு பேரும் அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். கடிகாரம் மட்டும். ஏழு அடித்தது. ஏழரை. வெஸ்லி தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்ள ஆரம்பித்திருந்தான். அப்போது வெளியே, வராந்தாப் படியில்...

தொப். தொப். பூட்ஸில் ஒட்டிய பனியை உதறுகிற மிதி. வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் நாம் எல்லாரும் மிதிப்போமே, அதே மாதிரி இரண்டு. அதற்கப்புறம் தோல் வார் உரசுகிற சத்தம். டக் என்று ஆணியில் எதையோ மாட்டுகிற சத்தம்.

வெஸ்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஹில்யா விடுவித்துக்கொண்டு போய்க் கதவை முழுசாகத் திறந்தாள். பனி உள்ளே வந்தது. வாசனையும் வந்தது. வராந்தாவில் யாரும் இல்லை. அவள் இருட்டைப் பார்த்துச் சொன்னாள்.

“பையன் கெடச்சுட்டான். இங்கதான் இருக்கான். உள்ள வாங்க.”

கதவை எவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தாள் என்று வெஸ்லி மர்வினிடம் சொல்லவில்லை. மூன்றாவது கோப்பையைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லையாம்.

விடிந்ததும் துப்பாக்கிக் கடைக்காரர் சித்தி வீட்டு லேண்ட்லைனுக்குப் போன் செய்தார். கொண்டுவருகிறாயா, இல்லையா என்று கேட்டார். வெஸ்லி அது என்னுடையது இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான். இரண்டு மைல் தாண்டிப் பனியில் அவன் போட்டுவிட்டு வந்த துப்பாக்கி, சித்தி வீட்டு வராந்தா ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது. ஹில்யா உள்ளே கொண்டுவரவும் விடுவதில்லை, விற்கவும் விடுவதில்லை. அது இப்போது வியர்ப்பதில்லை.

அன்று காலையில் அது முழுக்க உறைபனி. குழல், கட்டை, விசை, எல்லாம் வெள்ளை. உள்ளே இன்னும் ஒரு தோட்டா இருக்கிறது, ஜாக்கிரதை என்றான் வெஸ்லி. சுடாத நான்காவது தோட்டா. ஹில்யா தானே ஆணியிலிருந்து எடுத்து, லீவரை இழுத்தாள். பனி நொறுங்கியது. உள்ளேயிருந்து விழுந்ததைக் கையில் பிடித்தாள்.

காலி ஓடு.

அவள் அதை வெஸ்லியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினாள். ஓடு இன்னும் சூடாக இருந்தது.